மஞ்சள் படாத வரி

என் தம்பி பூ மார்க்கெட்டுக்கு வரும் நாட்களில், எங்கள் தெருவில் தறிகள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுவிடும். தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டால் வாசலில் நின்று யார் கூப்பிட்டாலும் அடுப்படியில் இருக்கிறவளுக்குக் கேட்காது. அது தெரிந்து அவன் அதற்குள் வந்துவிடுவான். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் எங்கள் அய்யா விட்டுப்போன காட்டில் அவன் பிச்சி போட்டிருக்கிறான். பறித்த பூவை ஈரச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, சங்கரன்கோவில் சந்தையில் போட்டுவிட்டு, திரும்புகிற வழியில் என்னிடம் இட்லி சாப்பிட்டுப் போவான். சட்டையெல்லாம் பூ மணக்கும். முதல் வாய் வைத்ததும் ஒன்று சொல்லுவான்.

"உப்பு தூக்கலா இருக்குக்கா."

இட்லி, தோசை, உப்புமா எது வைத்தாலும் இதைத்தான் சொல்லுவான். சொல்லிவிட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிடுவான். போகும்போது ஒரு பொட்டலம் பூவை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவான். அய்யாவும் அம்மாவும் போனபிறகு, பிறந்த வீடு என்று எனக்கு மிஞ்சியது அந்தப் பேச்சும் அந்தப் பொட்டலமும்தான். போன ஆடியில் இரண்டும் நின்றுபோகப் பார்த்தன.

என்னைக் கட்டிக்கொடுத்த வீடு படைவீரர் வம்சம். பழைய காலத்தில் இந்தப் பக்கத்துப் பாளையம் ஒன்றுக்காகக் வெள்ளைக்காரக் கும்பினிப் படையோடு சண்டை போட்டு, தோற்றுப் பின்வாங்கி, இந்த ஊர் எல்லையில் செத்துப்போனவர்கள். ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் அவர்களுக்கென்று நட்ட கல் ஒன்று இருக்கிறது. அதில் எழுத்து எதுவும் கிடையாது. ஆடி அமாவாசை சாயங்காலம் அந்த வம்சத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் அங்கே கூடிப் படைப்புப் போடுவோம். வயதில் மூத்தவர் ஒருவர் ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கீழவீடு, புளியமரத்து வீடு, எங்களுடையது கிணத்தடி வீடு. கூப்பிட்டதும் அந்த வீட்டு ஆள் "இருக்கோம்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வம்சம் அற்றுப்போகவில்லை என்று செத்தவர்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

படைப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கம்பஞ்சோறும், கொள்ளு அரைத்த காணத்துவையலும்தான். இரண்டிலும் உப்புப் போடக் கூடாது. முரசு அடித்துச் சண்டைக்குக் கூப்பிட்டபோது கிணத்தடி வீட்டுத் தாத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். பாதியில் எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. அந்தச் சாப்பாட்டைத்தான் வருஷா வருஷம் வைக்கிறோம். வீட்டுக்கு மூத்த மருமகள்தான் சமைக்க வேண்டும். என் மாமியாருக்குப் பிறகு அது என் கைக்கு வந்தது. கம்பு இடித்துக் கொழிக்கிற வேலை எனக்குப் பிடிக்கும். அந்த வேலையில் யாரோடும் பேச வேண்டியதில்லை.

என் பிறந்த வீட்டிலும் அதே அமாவாசையன்று ஒரு கும்பிடு உண்டு. மாட்டுக் கொட்டிலில் ஒரு கல்லைக் கழுவி வைத்து, அதன்மேல் புது மூக்கணாங்கயிறு ஒன்றைச் சுற்றி, பச்சரிசியும் வாழைப்பழமும் வைப்பார்கள். அன்று மாட்டை ஏரில் பூட்டுவதில்லை. அதற்கும் கதை உண்டு. பாளையத்து ஆட்கள் தோற்றுப் பின்வாங்கி வந்தபோது, கும்பினிக்காரன் கையில் எதுவும் சிக்கக் கூடாது என்று, வழியில் இருந்த ஊர்களில் மாட்டையும் விதைத் தானியத்தையும் எடுத்துக்கொண்டு, வைக்கோல் படப்புக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்களாம். எங்கள் பாட்டன் ஒருவர் மாட்டுக் கயிற்றை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டாராம். கயிறும் கையுமாகவே அவரைக் குத்திப் போட்டுவிட்டுப் போனார்கள் என்று சொல்லுவார்கள்.

குத்தினது எந்த வீட்டு ஆள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே பாளையத்தைத்தான் சொன்னார்கள். அய்யாவுக்கு அது தெரிந்துதான் என்னைக் கொடுத்தார். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து, "அன்னைக்கு மாட்டப் பத்திக்கிட்டுப் போனீக. இன்னைக்குப் பிள்ளையவும் பத்தி விடுதேன். இதையாவது நல்லா வச்சுக்கிடுங்க" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. தலையைக் குனிந்துகொண்டு நானும் சிரித்தேன். அவர்களும் என்னை நல்லபடியாகத்தான் வைத்துக்கொண்டார்கள். கலியாணத்துக்குப் பிறகு ஆடி அமாவாசையன்று நான் இங்கே கம்பு இடிக்க வேண்டும் என்பதால், பிறந்த வீட்டுக் கயிற்றை மட்டும் மறுபடி பார்க்கக் கிடைக்கவில்லை.

தம்பி அந்த வழக்கத்தை விடவில்லை. கொட்டிலில் இப்போது மாடு கிடையாது, டிராக்டர்தான் நிற்கிறது. ஆனாலும் ஆடி பிறந்ததும் இங்கே கடைத்தெருவில் கயிறு வாங்கிக்கொண்டு போவான். எங்கள் படைப்பை அவன் குறை சொன்னதில்லை. அங்கே வந்ததும் இல்லை. "அவுக தாத்தாவ அவுக கும்பிடுதாக. நம்ம தாத்தாவ நான் கும்பிடுதேன். இதுல என்ன இருக்கு" என்பான். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

என் கொழுந்தன், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி, பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் பேசினாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். வேலை முடிந்து வீட்டில் உட்கார முடியாமல், வம்சத்து வீட்டுக்காரர்களை எல்லாம் வாட்ஸ்அப்பில் ஒன்று சேர்த்தார். பிறகு அதுவே நினைவுக் குழு ஆகி, அவர் தலைவர் ஆனார். நல்ல காரியங்களும் செய்தார்கள். கண்மாய்க் கரையில் மண்டிக்கிடந்த முள்ளை வெட்டிப் பாதை போட்டதால், என்னைப் போல முழங்கால் வலிக்காரிகள் கல்வரைக்கும் ஆட்டோவில் போக முடிகிறது.

போன ஆடி நெருங்கியபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிளக்ஸ் போர்டு வைத்தார்கள். முன்னோர் படம் போட வேண்டும், படத்துக்கு எங்கே போவது? ஸ்டுடியோக்காரர் கொழுந்தனின் போட்டோவையே எடுத்து, தலைப்பாகை வைத்து, மீசையைக் காதுவரை இழுத்துவிட்டு, கையில் ஈட்டியைக் கொடுத்துவிட்டார். மறுநாள் தம்பி இட்லி சாப்பிட வந்தவன் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"யக்கா, பஸ் ஸ்டாண்டுல மச்சான் ஈட்டியோட நிக்காரு. டிக்கெட் எடுக்காதவனக் குத்தவா?"

கொழுந்தன் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். சத்தம் கேட்டு வந்து, "உம்மத்தான் முதல்ல குத்தணும் மாப்ள. என் பஸ்ஸுல பூச்சாக்குக்கு நீரு எந்நாளு லக்கேஜ் எடுத்தேரு" என்றார். இருவரும் சிரித்தார்கள். மச்சான் மாப்பிள்ளை முறை, அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன்பே கொழுந்தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பழைய கல்லுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கருங்கல் பலகை வைக்கப் போகிறோம், அதில் வெட்டப் போகிற வாசகம் இது என்று படித்துக் காட்டினார்.

"மேல, 'கும்பினிப் போரில் இங்கே பட்ட வீரர்கள்'. பட்டதுன்னா சண்டையில செத்தது. அதுக்குக் கீழ ஒவ்வொரு வீட்டுப் பேரு. கடைசில, 'குடிகளைக் காத்த தெய்வங்கள்'. எப்பிடி மாப்ள?"

தம்பி வாய்க்குக் கொண்டுபோன இட்லியைத் தட்டில் வைத்தான்.

"எந்தக் குடிகளக் காத்தாக மச்சான்?"

"ஏன்வே, அந்த மாட்டுக் கதையா?"

"மாடு போனாப் போகுது. ஒரு ஆளு செத்துருக்காரு. நீங்க கும்பிடுங்க, கொட்டு அடிங்க, நான் ஒண்ணும் சொல்லல. காத்தவுகன்னு கல்லுல வெட்டிட்டா, கயித்தப் புடிச்ச எங்க தாத்தா யாரு? காக்க வந்தவன எதுத்தவருன்னு ஆயிருமே. நாளைக்குப் படிக்கிறவன் அப்பிடித்தான நினைப்பான்."

"யாருவே அவ்வளவு தூரம் நினைக்கப் போறா. இட்லியத் தின்னும்."

"நான் நினைக்கேன்லா." தம்பி தட்டிலேயே கை கழுவினான். "வெட்டுறதுன்னா வெட்டுங்க. அதுக்கப்புறம் நான் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

என் முகத்தைப் பார்க்காமலே போனான். கொழுந்தன், "கோவத்தப் பாரேன், சாக்குல கட்டி மார்க்கெட்டுல போடலாம்" என்று சிரித்தார். அடுத்த பூ மார்க்கெட் நாளில் இட்லி அவித்து வைத்திருந்தேன். தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. மோட்டார் சைக்கிள் வரவில்லை. அதற்கு அடுத்த தடவையும் வரவில்லை. அவன் சொன்னால் சொன்னதுதான், சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படி. கல்லில் உளி பட்டுவிட்டால் பிறகு அவனைக் கூப்பிட எனக்கு வழியில்லை என்று தெரிந்தது.

நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பிக் கேட்டால் பதில் தெரிந்தாலும் அழுதுவிடுவேன். குழுக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தாலும் காபி டம்ளரைக் கதவோரம் வைத்து வளையலை ஆட்டுவேன், யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள். அதனால் என் வீட்டுக்காரரிடம், "நீங்க உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றேன்.

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"நான் சொன்னா அவன் கேப்பான்ட்டி. அண்ணன் சொல்லிட்டானேன்னு கேப்பான். ஆனா மனசுல வச்சுக்கிடுவான். நீ சொன்னேன்னா சண்ட போடுவான், ரெண்டு நாள்ல மறந்துருவான். நீயே சொல்லு."

"எனக்கு வாய் வராதே."

"வராட்டா விடு" என்று மறுபடி செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை.

அந்த வருஷம் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்துதான் அமாவாசை வந்தது. தபசுக் கூட்டம் கலைந்து தெரு பழையபடி ஆன ஒரு காலையில், கல்தச்சர் பட்டறைக்கு எல்லோரும் போனோம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்னோருக்கு வைக்கிற கல்லில் உளி படுவதற்கு முன், வீட்டு மூத்த மருமகள் மஞ்சள் இட வேண்டும். கல்தச்சர் எழுத்துகளைச் சுண்ணாம்பால் வரைந்து வைத்திருப்பார். ஒவ்வொரு வரியின் மேலும் மஞ்சள் தண்ணீரால் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். மஞ்சள் பட்டதைத்தான் வெட்டுவார்கள். கிணத்தடி வீட்டுக்காரர் தலைவர் என்பதால் அந்த வேலை எனக்கு.

போகும் வழியெல்லாம் ஆட்டோவில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கொழுந்தன் முன்னால் டிரைவரோடு பேசிக்கொண்டே வந்தார். பட்டறை வாசலில் சொல்லலாம் என்று பார்த்தால், அங்கே குழு ஆட்கள் வேட்டி சட்டையில் நின்றார்கள். மஞ்சள் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பலகை இரண்டு மரக்கட்டைமேல் படுத்துக் கிடந்தது. கறுப்பாக, கண்ணாடி மாதிரி. என் முகமே அதில் தெரிந்தது. முதல் வரிக்கு மஞ்சள் இட்டேன். இங்கே பட்ட வீரர்கள். அது நிஜம்தான், மனசு நிறைந்துதான் இட்டேன். பாதிச் சோற்றில் எழுந்து போனவரும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே. பிறகு கீழவீடு. புளியமரத்து வீடு. கிணத்தடி வீடு வந்ததும் விரலை நன்றாக நனைத்து இட்டேன். எல்லா வீடும் முடிந்து கடைசி வரிக்கு வந்தேன். கை போகவில்லை. கிண்ணத்தைக் கட்டைமேல் வைத்துவிட்டு, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

கல்தச்சர் உளியோடு குனிந்தவர் நிமிர்ந்தார். "அம்மா, கடைசி வரி பாக்கி இருக்கு."

நான் கிண்ணத்தை எடுக்கவில்லை.

"மைனி, ராகு காலம் வந்துரும். இழுங்க" என்றார் கொழுந்தன்.

"அது வேண்டாம்" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"அந்த வரி வேண்டாம்." இந்தத் தடவை கேட்டுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கல்லைப் பார்த்துக்கொண்டேன். கல்லிலும் எல்லோருடைய முகமும் தெரிந்தது.

கொழுந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க தம்பி சொல்லி விட்டானாக்கும்."

"அவன் வீட்டுக்கே வரதில்ல. நான்தான் சொல்லுதேன். பட்டாகன்னு போடுங்க, அது உண்மை. காத்தாகன்னு போடாதீங்க. எங்க அய்யா வீட்டுக் கொட்டிலக் காக்கலயே."

"சண்டன்னா நாலும் நடக்கத்தான் செய்யும் மைனி. அதுக்காவ நம்ம தாத்தாவ நாமளே விட்டுக்குடுக்கவா?"

"நான் விட்டுக்குடுக்கலயே. இத்தன வருஷமா கம்பு இடிச்சுப் போடுதேன். இனியும் போடுவேன்." மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டேன். "அவரும் எனக்குத் தாத்தா, கயித்தப் புடிச்சவரும் தாத்தா. ஒருத்தரக் கும்பிடுததுக்கு இன்னொருத்தரப் பொய்யாக்கச் சொல்லாதீங்க."

அவ்வளவு நீளமாக நான் வெளி ஆட்கள் முன்னால் அதற்கு முன் பேசியதில்லை. என் வீட்டுக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்து எனக்குப் பின்னால் போட்டார்.

கொழுந்தன் கல்தச்சரிடம் திரும்பினார். "மஞ்சள் இல்லாட்டா என்னவே, நீரு வெட்டும்."

"ஆவாது அண்ணாச்சி. முன்னோரு கல்லு. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

"அப்ப என் வீட்டுக்காரிய வரச் சொல்லுதேன். அவ இழுக்கட்டும்."

படைப்பன்று வீடு கூப்பிடுகிற புளியமரத்து வீட்டுப் பெரியவர் அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்தார். "மூத்தவ நிக்கையில இளையவ இழுக்கக் கூடாது. தலைவருக்கு அதுகூடத் தெரியாதா?" என்றார். யாரோ சிரித்தார்கள். "எங்க வீட்டுலயும் கதை சொல்லத்தான் செய்வாக. வழியில மாடு பத்துனோம்னு. அத யாரும் கல்லுல வெட்டச் சொல்லல. இதையும் வெட்ட வேண்டாம், விடும்."

கொழுந்தன் வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, என்னைப் பார்க்காமல் கல்தச்சரிடம், "மஞ்சள் பட்டத வெட்டும். மிச்சத்தத் துடச்சிரும்" என்றார்.

"அந்த இடத்துல வேற என்ன போட அண்ணாச்சி? பெரிய இடமால்லா கிடக்கு."

"சும்மா கிடக்கட்டும்."

என் வீட்டுக்காரர் சொன்ன இரண்டு நாள் அதற்கு மேலும் நீண்டது. கொழுந்தன் வீட்டுக்கு வருவார், அண்ணனோடு பேசுவார், என்னிடம் காபி கேட்க மாட்டார். அவர் கேட்காமலே நான் வைப்பேன், குடித்துவிட்டுப் போவார். அமாவாசை நெருங்கியபோது ஒரு காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்று, "மைனி, கம்பு வாங்கியாச்சா, நான் வாங்கியாரட்டா?" என்று கேட்டார். அதோடு சரியாகிவிட்டது. சரியானது மட்டும் இல்லை, அங்கேயே நின்று போனை எடுத்து என் தம்பிக்குப் போட்டார்.

"மாப்ள, உம்ம அக்கா கல்லையே நிறுத்திட்டாக தெரியுமா? வாயத் தொறந்தா தறிச் சத்தம் தோத்துப்போச்சுவே. வந்து கல்லப் பாத்துட்டுப் போரும். படைப்புக்கு வாரும்... நான்தான் கூப்பிடுதேன்... பின்ன என்ன, பிளக்ஸ் போர்டா கூப்பிடுது?"

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. கொழுந்தனும் சொல்லவில்லை.

அமாவாசையன்று சாயங்காலம் கண்மாய்க் கரையில் நல்ல காற்று. பழைய கல்லுக்குப் பக்கத்தில் புதுக்கல் நின்றது. கீழே ஒரு முழத்துக்கு வெறும் கறுப்பு. ஏன் இந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டவர்களுக்குக் கொழுந்தன் ஒவ்வொருவரிடம் ஒவ்வொரு காரணம் சொன்னார். ஒருவரிடம் விளக்கு வைக்க என்றார், இன்னொருவரிடம் அடுத்த தலைவர் பேர் போட என்றார். நான் கம்பஞ்சோற்றை வாழை இலையில் கொட்டி, நடுவில் குழி செய்து துவையலை வைத்தேன். நிமிர்ந்தபோது ஒடை மரத்துக்குக் கீழே தம்பியின் மோட்டார் சைக்கிள் நின்றது. தன் வீட்டுக் கயிற்றைக் கும்பிட்டு முடித்துவிட்டு வந்திருந்தான். நெற்றியில் திருநீறு அழியாமல் இருந்தது.

பெரியவர் வீடு கூப்பிட்டார். கிணத்தடி வீடு என்றதும் என் வீட்டுக்காரர் "இருக்கோம்" என்றார். தம்பி கிட்டே வரவில்லை, கும்பிடவும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு நடந்து வந்து, எழுத்துக் கூட்டிப் படிப்பது போல மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தான். கடைசியில் அந்த வெறும் இடத்தை உள்ளங்கையால் தடவினான்.

"என்னத்தத் தடவுதேரு மாப்ள? சுண்ணாம்பு ஒட்டியிருக்கான்னா?" என்றார் கொழுந்தன்.

"இல்ல மச்சான். உம்ம ஈட்டி போட்டோவ இங்கன ஒட்டுனா பொருந்துமான்னு பாக்கேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொழுந்தன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து, அவன் தோளைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தார். நான் இலையில் கம்பஞ்சோறு வைத்தேன். அந்தச் சோற்றை அவன் தொடுவானா என்று எனக்குக் கடைசிவரை நிச்சயம் இல்லை. துவையலைத் தொட்டு ஒரு உருண்டை பிடித்தான். வாயில் போட்டு மென்றான்.

"உப்பு தூக்கலா இருக்குக்கா."

"ஏய், படைப்புச் சோத்துல உப்பே கிடையாதுவே" என்றார் பக்கத்து இலையிலிருந்து கொழுந்தன்.

"அப்பிடியும் தூக்கல்தான்" என்றான் தம்பி, இலையைப் பார்த்துக்கொண்டே.

அவனுக்கு இன்னும் ஒரு கை சோறு வைத்துவிட்டு, அடுத்த இலைக்குப் போனேன்.